மூன்று மில்லிமீட்டர் கல்

விண்கலம் ஏன் கிளம்பவில்லை என்பதற்குப் பெங்களூரில் பொறியாளர்கள் ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் சொன்னார்கள். ஒரு வருடம் பாராசூட், மறு வருடம் வால்வு, அதற்கடுத்த வருடம் மென்பொருள். எரியோட்டில் சண்முகவள்ளி ஏழு வருடமும் ஒரே காரணத்தைத்தான் சொன்னாள்.

"நேர்த்தி கெடக்குடா மணி. எந் தம்பி ராக்கெட்டுக்குத் தேறிட்டான், அவன் வெறுங்காலோட நடந்து வருவான்னு பழனியாண்டவர்கிட்டச் சொல்லிப்புட்டேன். நீ வந்து நடக்குற வரைக்கும் அது கெளம்பாது, பாத்துக்க."

"அக்கா, அதுல ஆயிரக்கணக்குல ஆளுக வேலை செய்யிறாங்க. அம்புட்டுப் பேரையுமா சாமி நிப்பாட்டி வச்சிருக்கு?"

"அம்புட்டுப் பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன். நீ ஒருத்தன் நடந்தாப் போதும்."

போனை வைத்ததும் மணிமாறன் சிரிப்பார். ஐந்தாவது வருடத்துக்குப் பிறகு சிரிப்பது நின்றுபோனது.

அவர் விமானப்படையில் குரூப் கேப்டன். எரியோட்டுக்கு வடக்கே நான்கு ஏக்கரில் மக்காச்சோளமும் தக்காளியும் போட்ட மொக்கைச்சாமியின் மகன். அமராவதிநகர் சைனிக் பள்ளியில் இடம் கிடைத்து ஆறாம் வகுப்பில் வீட்டை விட்டுப் போனவர், அதற்குப் பிறகு ஊருக்கு வந்ததெல்லாம் விடுமுறைக்குத்தான். போர் விமானம் ஓட்டினார். முப்பத்தோராவது வயதில் சோதனை விமானிகளுக்கான படிப்பை முடித்தார்.

சோதனை விமானியின் வேலை என்றால் ஊரில் சாகசம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது எழுத்து வேலை. புதிதாகச் செய்த விமானம் எந்த வேகத்தில் அதிர்கிறது, எந்தக் கோணத்தில் சொன்னபடி கேட்காமல் போகிறது என்பதை ஒரு காகிதத்தில் முன்கூட்டியே வரிசையாக எழுதிக்கொண்டு, மேலே போய் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, இறங்கி வந்து நடந்தது நடந்தபடி எழுதவேண்டும். மணிமாறன் அதில் பெயர் எடுத்தவர். கெட்ட பெயரும் எடுத்தவர். ஒருமுறை ஒரு பயிற்சி விமானத்தை ஓட்டியபோது இடது கால் பெடலில் நான்கு வினாடி ஒரு நடுக்கம் தெரிந்தது. விமானத்தில் பொருத்தியிருந்த கருவிகளில் எதுவும் பதிவாகவில்லை. மணிமாறன் எழுதினார். திரும்பப் பறந்தார்கள், ஒன்றும் இல்லை. பதினோராவது பறப்பில்தான் கருவியிலும் அந்த நடுக்கம் விழுந்தது. அதற்குள் திட்டம் இரண்டு மாதம் தள்ளிப் போயிருந்தது. "நாலு செகண்டுதானே சார், கண்டுக்காம விட்டிருக்கலாமே" என்று தொழிற்சாலை மேலாளர் பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டாவது வயதில் விண்வெளிப் பயணத்துக்கு ஆள் எடுத்தார்கள். சோதனை விமானிகள் மட்டும் விண்ணப்பிக்கலாம். பல் முதல் பாதம் வரை மாதக்கணக்கில் பார்த்துக் கடைசியில் ஐந்து பேரை நிறுத்தினார்கள். மணிமாறன் ஐவரில் ஒருவர். பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று உத்தரவு. வீட்டில் சொன்னார். அன்றைக்குத்தான் சண்முகவள்ளி வேண்டிக்கொண்டாள்.

அதன் பிறகு ஏழு வருடம். வெளிநாட்டுப் பனிக்காட்டில் இரண்டு இரவு தங்கும் பயிற்சி, ராட்டினம் போலச் சுழலும் எந்திரத்தில் உடம்பின் எடை எட்டு மடங்காகும் பயிற்சி, நாற்பதாவது வயதில் ஒரு புதிய மொழி. எல்லாவற்றையும் முடித்தார்கள். முடித்ததை மறக்காமல் இருக்க மறுபடி செய்தார்கள். பயணம் தள்ளிப் போனது, திரும்பவும் தள்ளிப் போனது. முன்பு வாரத்துக்குப் பத்து மணி நேரம் வானத்தில் இருந்தவருக்கு இப்போது மாதத்துக்கு நான்கு மணி நேரம். அவருடன் படித்தவர்கள் புதிய விமானங்களைச் சோதித்துக்கொண்டிருக்க, இவர் தரையில் உட்கார்ந்து பொத்தான்களின் வரிசையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

"ஏப்பு, மேல போறியா, இல்ல இப்பிடியே பள்ளிக்கூடத்துலயே ரிட்டையர் ஆயிருவியா?" என்று ஒருமுறை மொக்கைச்சாமி கேட்டார். கேலிக்காகக் கேட்டதுதான். மணிமாறன் அன்று மதியம் சாப்பிடவில்லை.

ஏழாவது வருடம் டிசம்பரில் வேகம் பிடித்தது. முதல் பயணத்தில் இரண்டு பேர். இரண்டாவது இருக்கைக்கு மணிமாறனின் பெயர் குறிக்கப்பட்டது. பிப்ரவரியில் மருத்துவக் குழு கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். மார்ச்சில் பெயர் அறிவிப்பு. அவருக்கு நாற்பத்தைந்து முடிந்துவிட்டது. அடுத்த பயணம் இரண்டு வருடம் கழித்து. அதற்கு வயது வரம்பு நாற்பத்தாறு. இந்த இருக்கை போனால் இன்னொன்று கிடையாது என்பது அவருக்கும் தெரியும், அவர் மனைவி தீபாவுக்கும் தெரியும்.

மருத்துவக் குழுவுக்கு முன்னால் பத்து நாள் விடுப்பு கொடுத்தார்கள். அது சரியாகத் தைப்பூச நேரம்.

"இப்பயும் வரலைன்னா நான் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல" என்றாள் சண்முகவள்ளி. இந்த முறை குரலில் அதட்டல் இல்லை. அழுகை இருந்தது.

மணிமாறன் மருத்துவக் குழுவின் அறிவுறுத்தல் தாளை எடுத்து வைத்துப் படித்தார். பரிசோதனைக்கு முந்தைய எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் கடும் உடற்பயிற்சி கூடாது. பரிசோதனை வியாழக்கிழமை காலை எட்டு மணி. வெள்ளிக்கிழமை காலை எரியோட்டில் கிளம்பினால் ஞாயிறு மதியம் பழனி. நடுவில் தொண்ணூற்றிரண்டு மணி நேரம். இருபது மணி நேரம் கையிருப்பு. கணக்கு சரியாக இருந்தது.

"அந்தத் தாளு ஜிம்முக்குப் போறவங்களுக்கு எழுதுனது. எதுக்கும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கங்களேன்" என்றாள் தீபா.

"எழுபத்திரண்டுன்னு போட்டிருக்கு தீபா. கேக்க என்ன இருக்கு?"

எரியோட்டிலிருந்து நாற்பது பேர் கிளம்பினார்கள். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, கழுத்தில் துளசி மாலை, காலில் செருப்பில்லை. பழனி எழுபது கிலோமீட்டருக்கு மேல். முதல் நாள் திண்டுக்கல்லைத் தாண்டுவதற்குள்ளேயே விஷயம் வரிசை முழுக்கப் பரவிவிட்டது.

"அக்கா, யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"நான் யாருக்குடா சொன்னேன்? நம்ம நாகஜோதிகிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

பக்கத்து வீட்டு நாகஜோதி பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். "தம்பி, மேல போனா ஒண்ணுக்கெல்லாம் எப்பிடிப் போவீக?" என்று ரோடே கேட்கும்படி கேட்டாள்.

"அதுக்கு ஒரு குழாய் இருக்குக்கா. உறிஞ்சிரும்."

"ஆத்தீ! இந்தக் குழாயை முருகன் கண்ணுல காட்டி நம்மளுக்கும் ஒண்ணு கேக்கணுமே. ரெட்டியார்சத்திரம் வரைக்கும் பொம்பளைக ஒதுங்க ஒரு எடம் இருக்கா?"

அது வெறும் வேடிக்கை இல்லை. ஒதுங்க இடம் இல்லாததால் வரிசையில் வந்த பெண்கள் தண்ணீரைத் தொண்டை நனைக்க மட்டும் குடித்தார்கள். மணிமாறனும் அப்படித்தான் குடித்தார், வேறு காரணத்துக்காக. விமானிகள் பறக்கும் நாளில் குறைவாகக் குடித்துப் பழகியவர்கள். ரெட்டியார்சத்திரம் தாண்டி மோர் கொடுத்தார்கள். அரை டம்ளரோடு நிறுத்தினார். இரண்டாம் நாள் வெயில் கடுமையாக இருந்தது. தார் ரோட்டில் உள்ளங்கால் கொப்பளித்து, உடைந்து, மறுபடி கொப்பளித்தது. தொடையில் நரம்பு சுண்டி இழுத்தது. ஒட்டன்சத்திரத்தில் ஒரு கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பஸ்ஸுல போயி அடிவாரத்துல எறங்கிக்கலாமுங்களே, சாமி கோவிச்சுக்காது" என்றார். சண்முகவள்ளி அந்த மனிதரை முறைத்தாள். மணிமாறன் நடந்தார். ஞாயிறு மதியம் பன்னிரண்டேகாலுக்கு மலையேறி முடித்தார்கள். மூன்று மணி நேரம் வரிசையில் நின்று தரிசனம். வெளியே வந்து சண்முகவள்ளி கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "எங் கடன் தீந்துச்சு. இனி அது கெளம்பும்."

வியாழக்கிழமை காலை பெங்களூரில் ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். மதியம் மூன்று மணிக்கு மருத்துவ அதிகாரி கூப்பிட்டார். விங் கமாண்டர் ஜெஸ்ஸி, திண்டுக்கல்லுக்குப் பக்கத்துச் சின்னாளபட்டிக்காரர், ஏழு வருடமாக ஐந்து பேரின் உடம்பையும் அறிந்தவர். எதிரே இரண்டு தாள்களை விரித்து வைத்திருந்தார். தசை நைந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு பொருள் இருநூறுக்குள் இருக்கவேண்டும். மணிமாறனுக்கு இரண்டாயிரத்து அறுநூறு. சிறுநீரில் ரத்த அணுக்கள்.

"சார், என்ன பண்ணுனீங்க?"

"நடந்தேன் டாக்டர்."

"எங்க நடந்தீங்க?"

"பழனிக்கு."

ஜெஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தார். "செருப்பில்லாமயா?"

"ஆமா. எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு முன்னாலயே முடிச்சிட்டேன். தொண்ணூத்திரண்டு ஆச்சு."

"சார், அந்த எழுபத்திரண்டு ட்ரெட்மில்லுல ஒரு மணி நேரம் ஓடுறவங்களுக்கு. எங்க தெருவுல வருசா வருசம் ஐம்பது பேர் நடக்குறாங்க, திரும்பி வந்து ஒரு வாரம் சுவத்தைப் பிடிச்சிட்டுத்தான் எந்திரிப்பாங்க. ஒரு போன் பண்ணியிருந்தா மெடிக்கல் போர்டை இருபது நாள் தள்ளி வச்சிருப்பேனே!"

மணிமாறன் ஒரு எண்ணைப் படித்து, அந்த எண் எதற்காகப் போடப்பட்டது என்று கேட்காமல் விட்டிருந்தார். தன்னிடம் படித்த இளம் விமானிகள் இதைச் செய்திருந்தால் வகுப்பை விட்டு வெளியே நிறுத்தியிருப்பார்.

ஒரு வாரம் படுக்கச் சொல்லி, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார் ஜெஸ்ஸி. அடுத்த வெள்ளிக்கிழமை திரும்ப எடுத்தார்கள். நூற்று எண்பது. சிறுநீர் சுத்தம். ஜெஸ்ஸியின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

"விதி என்னன்னா, ஒரு தடவை ரத்தம் வந்தாலே சிடி ஸ்கேன் வரைக்கும் போகணும். ஆனா காரணம் தெளிவா இருந்தா, வேற தொந்தரவு ஏதும் இல்லைன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, நான் தள்ளுபடி பண்ணலாம். காரணம் தெளிவாத்தான் இருக்கு. இந்தத் தாளை நிரப்பிக் கொடுத்துருங்க சார். திங்கக்கிழமை கையெழுத்து ஆயிரும்."

தாளில் ஆறு கேள்விகள். ஐந்துக்கு இல்லை என்று எழுதினார். ஆறாவது: கடந்த மூன்று ஆண்டுகளில் விலாவிலோ இடுப்பின் பின்புறமோ விளக்க முடியாத வலி வந்ததுண்டா?

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம். சுழலும் எந்திரத்திலிருந்து இறங்கி அரை மணி நேரம் கழித்து இடது விலாவுக்குப் பின்னால் ஒரு வலி. நாற்பது நிமிடம் இருந்தது. இருக்கையின் பட்டை அழுத்தியிருக்கும் என்று நினைத்தார். மாலையில் பூப்பந்து விளையாடினார். மறுபடி வரவேயில்லை. அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அவர் அந்தத் தாளின் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கே நினைவில்லை. ஜெஸ்ஸி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு எழுதினார்: ஆம், ஒரு முறை, இடது பக்கம், நாற்பது நிமிடம். தேதியும் எழுதினார்.

ஜெஸ்ஸி வாங்கிப் படித்தார். "சார், இதை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார்.

இடது சிறுநீரகத்தின் அடியில் மூன்று மில்லிமீட்டர் கல். ஒவ்வொரு வருடமும் எடுத்த அல்ட்ராசவுண்டுக்கு அகப்படாத அளவு. "பதினோரு வயசு வரைக்கும் எரியோட்டு போர்வெல் உப்புத் தண்ணி, அப்புறம் லீவுக்கெல்லாம் அதே தண்ணி, அதோட தண்ணி குடிக்காத பழக்கம்" என்றார் ஜெஸ்ஸி. தரையில் இருந்தால் அது ஒரு தொந்தரவே இல்லை. எடையற்ற இடத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து சிறுநீருக்கு வரும். கல் வளரும், நகரும். நகர்ந்தால் வருகிற வலியில் எந்த விமானியாலும் ஒரு பொத்தானைத் தொடமுடியாது. விமானம் ஓட்ட ஆறு மாதம் தடை. விண்வெளிக்குத் தகுதியில்லை. இரண்டாவது இருக்கை ஐவரில் அடுத்து நின்றவருக்குப் போனது.

வீட்டில் தீபா மறுநாள் கேட்டாள்.

"யாரு எழுதச் சொன்னா?"

"கேள்வி இருந்துச்சு."

"நாப்பது நிமிசம். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி. எனக்கே சொல்லல நீங்க. எங்கிட்டச் சொல்லாததைக் காகிதத்துல எழுதியிருக்கீங்க."

"மேல போய் வலி வந்திருந்தா என்ன பண்ணுவேன் தீபா? கூட இன்னொருத்தர் இருப்பார்."

"நியாயந்தான்! எல்லாம் நியாயந்தான்! ஏழு வருசம் புள்ளைக பரீட்சை, எங்கம்மா ஆபரேசன், எதுக்கும் நீங்க இல்ல. அப்பல்லாம் நான் வாயத் தொறந்தேனா? ஒருநாள் மேல போயிட்டு வருவாரு, அதுக்குத்தான்னு இருந்தேன். இப்ப எதுக்குன்னு சொல்லுங்க."

சரியாகச் செய்தோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் நெஞ்சு ஆறவில்லை. அறிக்கை எழுதி முடித்தால் எப்போதும் வருகிற நிம்மதி இந்த முறை வரவேயில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: நல்லவேளை, கீழேயே தெரிந்தது. ஐந்தாவது ஆள் சொன்னபோது எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஏப்ரலில் பயணத்தை மறுபடி ஒத்திவைத்தார்கள். பதினொரு மாதம். இந்த முறை எரிபொருள் குழாய்.

ஜூனில் ஒரு விடியற்காலை அந்தக் கல் தானாகவே வெளியே வந்தது. ஜெஸ்ஸி சொல்லியபடி வடிகட்டியில் பிடித்து, ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். செப்டம்பரில் திரும்ப ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை, தழும்பு இல்லை. விமானம் ஓட்ட முழுத் தகுதி என்று எழுதினார்கள். விண்கலம் அப்போதும் தரையில்தான் நின்றது. இன்னும் ஆறு மாதம் நிற்கும். மணிமாறன் மனு எழுதினார். இணைப்பாகப் பதினேழு பக்கம். குழுவினர் பட்டியல் மூடப்பட்டுவிட்டது, பரிசீலிக்க இயலாது என்று பதில் வந்தது. பட்டியலை எந்த விதியின் கீழ் மூடினார்கள் என்று கேட்டு இரண்டாவது மனு எழுதினார். அதற்கும் அதே வாசகம், தேதி மட்டும் வேறு. நவம்பரில் அவருக்கு நாற்பத்தாறு முடிந்தது.

பொங்கலுக்கு எரியோட்டுக்குப் போனார். இந்த ஒரு வருடத்தில் சண்முகவள்ளியிடம், உடம்புக் கோளாறு, வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். அவள் அடுப்படியில் தக்காளி அரிந்துகொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

"மணி, தீபா போன்ல என்னமோ சொன்னா. நான் நடக்க வச்சதாலதான் போச்சாமே?"

"அவ கோவத்துல சொல்லியிருப்பா."

"கோவத்துல சொன்னாலும் நெசந்தானா?"

மணிமாறன் மணையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நடந்ததால் ரத்தம் வந்தது, ரத்தம் வந்தும் டாக்டர் விட்டுவிடப் பார்த்தார், பழைய வலியை எழுதிக் கொடுத்ததால் ஸ்கேன் எடுத்தார்கள், எடுத்ததால் கல் தெரிந்தது, கல் முன்னாலிருந்தே இருந்தது. ஒன்றையும் விடாமல், வரிசை மாறாமல் சொன்னார்.

"அப்ப நடக்காம இருந்திருந்தா?"

"தெரிஞ்சிருக்காது. பேரை அறிவிச்சிருப்பாங்க."

"மேல போயிருப்ப."

"வரிசையில இருந்திருப்பேன். அது இன்னும் கெளம்பலையே. ஜூன்ல கல்லும் தானா வெளிய வந்திருக்கும். யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்."

சண்முகவள்ளி அரிவாள்மணையை மடக்கினாள். "சாமி உன்னைக் காப்பாத்திருக்குடா. மேல போயி வலி வந்திருந்தா?"

"ஐயோ, அக்கா!" கத்திவிட்டார். "அந்தக் காப்பாத்துறத ஆறு மாசம் கழிச்சுச் செய்யக் கூடாதா? இல்ல, ரெண்டு வருசம் முந்திச் செய்யக் கூடாதா? நான் நடந்த வாரத்துலதான் செய்யணுமா?"

வாசலில் மக்காச்சோளக் கதிரை உரித்துக்கொண்டிருந்த மொக்கைச்சாமி தலையை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி கதிரை எடுத்துக்கொண்டார்.

சண்முகவள்ளிக்குக் கண் நிறைந்தது. ஆனால் அவள் தம்பியை விட்டுக்கொடுத்துப் பேசிப் பழகியவள் இல்லை, தன்னை விட்டுக்கொடுத்தும் பழகியவள் இல்லை.

"என்னைய ஏண்டா மொறைக்கிற? நடக்கச் சொன்னது நாந்தான், ஒத்துக்கிறேன். அந்த டாக்டரம்மா விட்டுர்றேன்னு சொல்லிச்சுல்ல? வலிச்சுச்சுன்னு எழுதுனது யாரு? நானா, பழனியாண்டவரா?"



"நாந்தான்."

"இப்ப கேட்டா என்ன எழுதுவ?"

பதில் ஒன்றுதான் என்பது அவருக்குக் கசந்தது.

"அதையேதான் எழுதுவேன்."

"அப்ப எதுக்குடா இப்பிடி வேகுற?"

"எழுதிட்டு வேகக் கூடாதுன்னு எந்தத் தாள்லயும் இல்லக்கா" என்றார் மணிமாறன். சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்த் தனியாக நின்றார். சண்முகவள்ளி மீதித் தக்காளியையும் அரிந்து முடித்து, வெஞ்சனத்தை அடுப்பில் ஏற்றி, அவர் உள்ளே வருகிறாரா என்று கதவு வழியாக இரண்டு முறை பார்த்தாள். மூன்றாவது முறை கூப்பிட்டாள். அவர் வரவில்லை.